தேய்ந்தது தோல்தான்

லாரி டயரில் சாலையோடு உரசித் தேய்வது அதன் மேல்பட்டை மட்டுமே. லாரிக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் அந்தப் பட்டையின் ஆழம் புது டயரில் ஏறக்குறைய 15 மில்லிமீட்டர் இருக்கும். கரடுமுரடான பாதைக்கென்று வார்த்த டயரில் 20-ஐத் தொடும். அதற்குக் கீழே இருப்பதுதான் டயரின் உடம்பு. எஃகு இழையாலோ நைலான் நூலாலோ ஆன அடுக்குகள், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கம்பி வளையம், பக்கச்சுவர், உள்தோல் எல்லாம் சேர்ந்த இந்த உடம்புக்குத் தொழிலில் கேசிங் என்று பெயர். டயர் செய்ய ஆகும் பொருளிலும் செலவிலும் பெரும்பங்கு இதற்கே போகிறது. பட்டன் தேய்ந்து டயர் வழவழவென்று ஆகும் நாளில், ஒழுங்காகப் பராமரித்த கேசிங்குக்கு இன்னும் நிறைய ஆயுள் மிச்சமிருக்கும். அதைத் தூக்கி எறியாமல், பழைய பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பட்டையை ஒட்டி, வேகவைத்து, மறுபடி ஓடவிடுவதே ரீட்ரெடிங்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி என்பது குடும்பத் தொழில். அங்கே ரீட்ரெடிங்கை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 14 சக்கர வண்டி ஒன்றுக்கு ஸ்டெப்னியோடு சேர்த்து 15 டயர் வேண்டும். ரேடியல் டயர் ஒன்று 20,000 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், எல்லாவற்றையும் புதிதாக மாற்றினால் மூன்று லட்சத்துக்கு மேல் போய்விடும். ஓடுகிற வண்டியில் டீசலுக்கு அடுத்தபடியாகப் பணம் கரைகிற இடங்களில் டயர் முன்வரிசையில் நிற்கிறது. ரீட்ரெட் செய்ய ஆகும் செலவோ, புது டயர் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையில் அடங்கிவிடுகிறது. நல்ல கேசிங்கில் நல்ல பட்டறை செய்த வேலை, புது டயர் ஓடிய தூரத்துக்கு நெருக்கமாகவே ஓடும். உடம்பு தாங்கினால் இரண்டாம் முறையும், சிலவற்றில் மூன்றாம் முறையும் பட்டை போடலாம்.

சொந்தக்காரரின் கைப்பணத்தோடு முடிகிற கணக்கு அல்ல இது. ஒரு புது லாரி டயர் செய்ய ஏறக்குறைய 83 லிட்டர் கச்சா எண்ணெய் ஆகிறது என்றும், அதையே ரீட்ரெட் செய்ய 26 லிட்டர் போதும் என்றும் அமெரிக்கத் தொழில்துறையில் நெடுங்காலமாக ஒரு கணக்கு புழங்குகிறது. மிச்சமாவது எண்ணெய் மட்டுமல்ல. கேசிங்கில் இருக்கும் எஃகும் இயற்கை ரப்பரும் இன்னொரு சுற்று உழைக்கின்றன.

அப்படியிருந்தும் ரீட்ரெட் என்றால் ஒட்டுப்போட்ட சரக்கு, புதிது வாங்க வழியில்லாதவர் போடுவது என்ற எண்ணம் ஊரெங்கும் இருக்கிறது. அது தவறு. பயணிகள் விமானங்களின் டயர்கள் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுபாதையைத் தொடுகின்றன. அந்த டயர்களே திரும்பத் திரும்ப ரீட்ரெட் செய்யப்படுகின்றன. தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தங்களுக்கென்றே டயர் புதுப்பிக்கும் பிரிவுகளை வைத்து நடத்துகின்றன. முறை பழுதில்லாதது. பழுது வருகிற இடம் எது என்று பார்ப்பதற்கு முன், இந்தத் தொழில் வந்த வழியைப் பார்த்துவிடலாம்.

திருவொற்றியூர்க் கொட்டகையிலிருந்து

ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் ரீட்ரெடிங் வளர்ந்திருக்கிறது. 1942-ன் தொடக்கத்தில் ஜப்பான் மலாயாவையும் டச்சுக்காரர்கள் வசமிருந்த இந்தோனேசியத் தீவுகளையும் பிடித்ததும், நேச நாடுகளுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் மிகப் பெரும்பகுதி நின்றுபோனது. அமெரிக்காவில் சர்க்கரைக்கும் பெட்ரோலுக்கும் முன்பே டயருக்குத்தான் பங்கீடு வந்தது. டயர் தேயாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே நாடு முழுவதும் மணிக்கு 35 மைல் வேக வரம்பு போட்டார்கள். இருக்கிற டயருக்கே மேல்பட்டை போட்டு ஓட்டுவது அன்று தேசக் கடமையாக இருந்தது.

இந்தியாவில் இந்தக் கதையின் முக்கியமான அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. கே.எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-ல் அந்த நிறுவனம் டிரெட் ரப்பர், அதாவது தேய்ந்த டயருக்கு மேலே போடும் பட்டை ரப்பர், தயாரிப்பில் இறங்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் கோலோச்சிய சந்தையில் நுழைந்து, 1956-க்குள் இந்திய டிரெட் ரப்பர் விற்பனையில் பாதியைப் பிடித்தது. சொந்தமாக டயர் செய்ய ஆரம்பித்தது அதற்குப் பிறகு, 1960-களின் தொடக்கத்தில். இன்று எம்.ஆர்.எஃப். என்ற மூன்றெழுத்தால் அறியப்படும் அந்த நிறுவனம், புது டயரில் கால் வைக்கும் முன் பழைய டயருக்குத் தோல் தைத்து வளர்ந்தது. கோயம்புத்தூரின் எல்ஜி ரப்பர் டிரெட் ரப்பரோடு ரீட்ரெடிங் இயந்திரங்களையும் செய்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த கோட்டயம் வட்டாரத்திலிருந்து பட்டை ரப்பர் நாடெங்கும் போகிறது.

தொழில்நுட்பத்தின் பெரிய திருப்பம் ஜெர்மனியில் நடந்தது. முதலில் இருந்தது சூட்டு முறை மட்டும்தான். வேகாத பச்சை ரப்பரைக் கேசிங்கின் மேல் சுற்றி, இரும்பு அச்சுக்குள் வைத்து, 150 டிகிரி சூட்டில் வேகவைத்தால் பட்டை ஒட்டிக்கொள்ளும், அச்சிலுள்ள பட்டனும் பதிந்துவிடும். பெர்னார்ட் ஆன்டன் நோவாக் என்பவர் வேறு வழி கண்டார். பட்டனோடு முன்கூட்டியே வேகவைத்த பட்டையை எடுத்து, இடையில் மெல்லிய பச்சை ரப்பரை மட்டும் வைத்து, குறைந்த சூட்டில் ஒட்டுவது அவருடைய முறை. 1957-ல் அதன் உரிமையை ராய் கார்வர் என்ற அமெரிக்கத் தொழிலதிபர் வாங்கிக்கொண்டு போய், அயோவா மாநிலத்தின் மஸ்கட்டீன் நகரில் பேண்டாக் நிறுவனத்தை வளர்த்தார். பேண்டாக் என்ற பெயரின் முதல் எழுத்துகளில் நோவாக்கின் பெயர் ஒளிந்திருக்கிறது. 2007-ல் அந்த நிறுவனத்தை ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கியது. கோல்டு ரீட்ரெட் என்று பட்டறைகளில் சொல்லப்படுவது இந்த முறைதான். பெயரில் குளிர் இருந்தாலும் சூடு உண்டு. 100 டிகிரியிலிருந்து 125 டிகிரி வரை போகும். சூடு குறைவதால் கேசிங் கூடுதலாக நோகாது. ரேடியல் டயருக்கு இன்று பெரும்பாலும் இதுவே வழி.

விளக்கு, கை, சாக்பீஸ்

பட்டறைக்கு வந்த டயரை முதலில் கழுவிக் காயவைக்கிறார்கள். பிறகு உருளைகள் மேல் தூக்கி நிறுத்தி, வாயை இரண்டு கொக்கிகளால் விரித்து, உள்ளே விளக்கை விட்டுச் சுற்றவிடுகிறார்கள். டயர் மெதுவாகச் சுழல, சோதிப்பவரின் ஒரு கை உள்தோலிலும் மறு கை வெளிச்சுவரிலுமாக ஊர்கிறது. பார்வைக்குத் தப்புவது விரலுக்குச் சிக்கும். உள்தோலில் சின்னச் சுருக்கங்கள் தட்டுப்பட்டாலோ, பக்கச்சுவரின் உட்புறம் நீலம் பாரித்திருந்தாலோ, டயர் காற்று இறங்கிய நிலையில் ஓடியிருக்கிறது என்று பொருள். வெளியே எந்தக் காயமும் இல்லாவிட்டாலும் உள்ளே இழைகள் நொந்துபோயிருக்கும். பக்கச்சுவரில் லேசான புடைப்பு இருந்தால் அடுக்கு பிரிந்திருக்கலாம். கம்பி வளையம் வெளியே தெரிந்தால் அந்த டயருக்கு மேற்கொண்டு வேலையே இல்லை. ஆகாத கேசிங்கின் மேல் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுகிறார்கள்.

ஒரு பட்டறை எப்படிப்பட்டது என்று அந்தப் பெருக்கல் குறிகளை வைத்தே சொல்லிவிடலாம். வந்த கேசிங்குகள் எல்லாவற்றையும் வாங்கிப் பட்டை போட்டு அனுப்புகிற பட்டறையை நம்பக் கூடாது. வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, இது ஆகாது என்று திருப்பி அனுப்பத் தெரிந்தவரிடம்தான் டயரைக் கொடுக்க வேண்டும்.

கையும் விளக்கும் காட்டாததைக் காட்டக் கருவிகள் இருக்கின்றன. ஒன்று, மின்பொறியால் ஆணி ஓட்டையைக் கண்டுபிடிப்பது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அதன் வழியாகப் பொறி பாயும். இன்னொன்று, டயரைக் காற்றில்லா அறையில் வைத்து லேசர் ஒளியால் படம் பிடிப்பது. அழுத்தம் குறையும்போது பிரிந்துபோன அடுக்கு மிகச் சிறிதாக உப்பும். அந்த உப்பல் படத்தில் விழுந்துவிடும். பெரிய பட்டறைகளில் எஃகு இழைகளை எக்ஸ்ரே எடுத்தும் பார்க்கிறார்கள். சிறிய பட்டறைகளில் இவை இருப்பதில்லை. அங்கே அனுபவமுள்ள ஒருவரின் விரல்களே கருவி.

ஆணி ஓட்டையை இவ்வளவு தேடுவதற்குக் காரணம் காற்றுக் கசிவு மட்டுமல்ல. ரேடியல் டயரில் பட்டனுக்கு அடியில் எஃகு பெல்ட்டுகள் இருக்கின்றன. ஆணி பிடுங்கிய ஓட்டையைச் சரியாக அடைக்காமல் விட்டால், மழைநீர் அந்த வழியாகப் பெல்ட்டுக்குப் போய்ச் சேரும். துரு பிடித்த எஃகிலிருந்து ரப்பர் பிடி விட்டுவிடும். புதுப்பட்டை எவ்வளவு இறுக ஒட்டியிருந்தாலும், அது ஒட்டியிருக்கும் அடித்தளமே கழன்றுபோகும்.

தேறிய கேசிங் அடுத்துப் பஃபிங் இயந்திரத்துக்குப் போகிறது. காற்றடைத்த நிலையில் டயர் சுழல, பல் வைத்த உருளை மிச்சமிருக்கும் பட்டையைச் சுரண்டித் தள்ளுகிறது. கரிய தூள் மழையாகக் கொட்டும், ரப்பர் கருகும் வாசம் எழும். எவ்வளவு சுரண்டுவது என்பதில்தான் கைத்திறன். கேசிங்கின் வளைவு புதுப்பட்டையின் வளைவோடு பொருந்த வேண்டும், பரப்பு மணல்தாள் போல ஒரே சீராகச் சொரசொரப்பாக இருக்க வேண்டும், எஃகு வெளியே தெரியவும் கூடாது. சுரண்டிய பரப்பு காற்றுப் பட்டுக் கிடந்தால் அதன் ஒட்டும் தன்மை குறையும் என்பதால், சில மணி நேரத்துக்குள் அடுத்த வேலைகளை முடித்தாக வேண்டும். கல் குத்திய இடங்களைச் சின்னச் சுழல் கருவியால் தோண்டிச் சுத்தம் செய்து, ரப்பர் நிரப்புகிறார்கள். இழை அறுந்த இடத்துக்கு உள்ளே பேட்ச் வைக்கிறார்கள்.

பிறகு சொல்யூஷன் தெளித்து, குஷன் கம் என்ற மெல்லிய பச்சை ரப்பரை விரித்து, அதன்மேல் பட்டன் போட்ட பட்டையைச் சுற்றி, முனைகளைச் சேர்த்து, உருளைகளால் அழுத்தி நடுவில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிறார்கள். முழு டயருக்கும் ரப்பர் உறை ஒன்றைப் போட்டு உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சினால், உறை பட்டனின் ஒவ்வொரு பள்ளத்திலும் படிந்து பிடித்துக்கொள்ளும். உறையோடு டயர்கள் வரிசையாக ஒரு நீண்ட இரும்பு அறைக்குள் போகின்றன. மூடியைத் திருகி, அழுத்தமும் சூடும் ஏற்றி, சில மணி நேரம் வேகவிடுகிறார்கள். பச்சை ரப்பரில் கலந்திருக்கும் கந்தகம் அந்தச் சூட்டில் வினைபுரிந்து, மேலே இருக்கும் பட்டையையும் கீழே இருக்கும் கேசிங்கையும் ஒரே ரப்பராகப் பிணைக்கிறது. பசை தடவி ஒட்டுவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. சரியாக வெந்த டயரில் பட்டையைப் பிய்த்தால், ஒட்டிய கோட்டில் பிரியாமல் ரப்பரே கிழியும். நேரமோ சூடோ குறைந்தால் அந்தக் கோட்டில் பிரியும். கடைசியாகக் காற்றடைத்து மறுபடி சோதிக்கிறார்கள். காற்று இறங்கிய நிலையில் ஓடிய எஃகு ரேடியலுக்குத் திரும்பக் காற்றடைக்கும்போது பக்கச்சுவர் ஜிப் திறந்ததுபோலக் கிழிந்து வெடிப்பதுண்டு. பக்கத்தில் நிற்பவரைக் கொன்றுவிடும் வேகம் அதற்கு உண்டு. அதனால் காற்றடைப்பது இரும்புக் கூண்டுக்குள்தான் நடக்க வேண்டும். ஊர்ப் பஞ்சர் கடைகளில் இந்தக் கூண்டு பெரும்பாலும் இல்லாதது உயிரோடு விளையாடுவது.

நெடுஞ்சாலையில் கிடக்கும் ரப்பர்

தேசிய நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள்: நடுத்தடுப்பை ஒட்டி, பாம்புச் சட்டை போல நீளமாகக் கிழிந்து கிடக்கும் டயர்ப் பட்டை. அமெரிக்க லாரி ஓட்டுநர்கள் அதை முதலை என்பார்கள். இருட்டில் இருசக்கர வாகனம் அதன்மேல் ஏறினால் உயிருக்கே ஆபத்து. ரீட்ரெட் டயர்தான் இப்படிப் பிய்ந்து விழுகிறது என்பது பொதுவான நம்பிக்கை.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்துக்காக மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் பல மாநிலச் சாலைகளில் கிடந்த டயர்த் துண்டுகளையும் கேசிங்குகளையும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றும் எதனால் போனது என்று ஆராய்ந்தது. 2008 டிசம்பரில் முடிந்த அந்த ஆய்வின்படி, கிடந்தவற்றில் புது டயர்களும் ஏராளம். ரீட்ரெட்டின் பங்கு, சாலையில் ஓடும் லாரிகளில் ரீட்ரெட் இருக்கும் அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. காரணங்களில் முன்னின்றவை சாலையில் குத்தியதும் வெட்டியதும், அதற்கடுத்துப் பராமரிப்புக் குறையும் ஓட்டிய விதமும். பட்டறை வேலையின் குறை பட்டியலில் பின்னால்தான் வந்தது.

பராமரிப்புக் குறையில் பட்டையைப் பிய்ப்பது சூடு. 10.00ஆர்20 அளவு லாரி ரேடியலில், ஒற்றையாக மாட்டினால் 3,000 கிலோ தாங்கும் டயருக்கு 120 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 96-க்கு இறங்கினாலே ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. கண்ணுக்கு அந்த டயர் இறங்கியதாகவே தெரியாது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கி நிமிர்கிறது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். நிமிடத்துக்கு முந்நூறு, நானூறு முறை மடங்கினால் அந்தச் சூடு வெளியேற நேரம் இல்லை. சூடு ஏற ஏற அடுக்குகளுக்கு இடையிலான பிடி தளர்கிறது. ஒரு முனையில் பிரிந்தால் மீதியைச் சுழற்சியின் விசையே உரித்துவிடும். மே மாதத் தார்ச்சாலை இதற்கு மேலும் சூடு சேர்க்கிறது.

டீக்கடையில் லாரி நின்றதும் கிளீனர் இரும்புக் கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். கணீரென்று ஒலித்தால் சரி, மொத்தென்று ஒலித்தால் காற்று இல்லை. முழுக்க இறங்கிய டயரை அது காட்டிக்கொடுக்கும், 20 பி.எஸ்.ஐ. குறைந்த டயரைக் காட்டாது. அதற்கு அளவுமானி வேண்டும். இரட்டை டயரில் உள்பக்கத்து டயர்தான் அதிகம் ஏமாற்றும். அதன் வால்வு கைக்கு எட்டாது என்பதால் பலர் சோதிப்பதே இல்லை. அது இறங்கினால் சுமை முழுவதும் வெளி டயருக்குப் போகும். போகும் ஊர் சேர்வதற்குள் இரண்டும் கெடும். ஓடி நின்ற சூட்டில் அளந்து, காற்று அதிகம் இருக்கிறது என்று இறக்கிவிடுவது இன்னொரு தவறு. சூட்டில் அழுத்தம் ஏறுவது இயற்கை. காலையில் வண்டி எடுப்பதற்கு முன் அளப்பதே கணக்கு.

சுமையும் இதே வேலையைச் செய்கிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்பை உயர்த்தியது. நான்கு டயர் மாட்டிய ஒற்றை அச்சு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னுக்குப் போனது. அதற்கும் மேல் ஏற்றினால் தண்டம் கேசிங்குக்கு விழுகிறது. ஒரு ரீட்ரெட் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது பட்டறையில் அல்ல, அதற்கு முன் அந்த டயர் புதிதாக ஓடிய காலத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

கழற்றும் நேரமும் அப்படித்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி லாரி டயரில் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும். ரீட்ரெட் செய்ய நினைப்பவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. 3, 4 மில்லிமீட்டர் இருக்கும்போதே கழற்றிவிட வேண்டும். இன்னும் ஒரு டிரிப், இன்னும் ஒரு டிரிப் என்று மொட்டையாகும்வரை ஓட்டினால் கல்லும் ஆணியும் நேரே பெல்ட்டில் இறங்கும். கடைசி மூன்று மில்லிமீட்டரில் மிச்சப்படுத்திய சில ஆயிரம் கிலோமீட்டருக்காக, ஒரு முழு ஆயுளை இழக்கும் உரிமையாளர்கள் பலர். தேய்ந்த டயரில் கத்தியால் பள்ளம் கீறிப் பட்டன் இருப்பதுபோலக் காட்டி விற்பவர்களும் சில இடங்களில் உண்டு. அப்படிக் கீறிய கேசிங் எந்தப் பட்டறைக்கும் உதவாது.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது என்பதற்கு அனுபவம் ஒரு வரிசையை வகுத்திருக்கிறது. புது டயர் முன்சக்கரத்துக்கு. அங்கே டயர் போனால் ஸ்டியரிங் கையை மீறிப் போகும். கொஞ்சம் தேய்ந்ததும் அது பின்னுக்குப் போகும். ரீட்ரெட் ஆனபின் பின்னச்சுகளிலும் லிஃப்ட் ஆக்சிலிலும் டிரெய்லரிலும் ஓடும். அமெரிக்காவில் பேருந்தின் முன்சக்கரத்தில் ரீட்ரெட் மாட்டக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இரட்டையில் மாட்டும்போது இரண்டு டயரின் வெளிச்சுற்றும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பெரிதாக இருந்தால் சுமையை அது வாங்கும், சிறியது தரையில் இழுபட்டுத் தேயும்.

தரத்துக்கு அளவுகோல்களும் வந்திருக்கின்றன. சரக்கு வாகன ரீட்ரெட்டுக்கு ஐ.நா.வின் வாகன விதிமுறை 109 ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 15704 அதற்கு இணையானது. டயரின் வயதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் சொல்லும்: 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம்.

கல், சேறு, பாறை

தார்ச்சாலையை விட்டு இறங்கினால் கணக்கு மாறுகிறது. கல்குவாரி டிப்பரின் டயர் தேய்ந்து சாவதைவிட வெட்டுப்பட்டுச் சாவதே அதிகம். உடைத்த கருங்கல்லின் விளிம்பு கத்தி போன்றது. இரட்டை டயருக்கு நடுவே சிக்கும் கல் இரண்டின் பக்கச்சுவரையும் அறுக்கும். ரீட்ரெடிங் மேல்பட்டையைத்தான் புதுப்பிக்கும். பக்கச்சுவர் வெட்டு இழைவரை போயிருந்தால் அந்த டயர் முடிந்தது. அதனால் குவாரி வண்டிக்கு வெட்டைத் தாங்கும் கலவையில், கனமான, இடைவெளி குறைந்த பட்டன் கொண்ட பட்டை போடுகிறார்கள். அந்தக் கலவை நெடுஞ்சாலையில் சீக்கிரம் சூடேறும். குவாரிக்குப் போட்ட டயரைத் தொலைதூர வண்டிக்கு மாற்றி மாட்டுவது பட்டையைப் பறிகொடுக்கும் வழி. மலைப்பாதையில் கல்லும் வேருமாக ஏறும் நான்கு சக்கர இயக்க ஜீப்புகளுக்கும் இதே எல்லைதான். மெதுவாக ஓடுவதால் சூடு தொல்லையில்லை, பக்கச்சுவர்க் காயமே தீர்ப்பைச் சொல்லும்.

டிராக்டர் டயர் வயலில் தேய்வது குறைவு. அதன் உயரமான கட்டைகளைத் தின்பது, கரும்பு ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆலைவரை தார்ச்சாலையில் ஓடும் ஓட்டம். கேசிங் பெரும்பாலும் நல்ல நிலையில் இருப்பதால் டிராக்டரின் பின் டயரும் ஜே.சி.பி. டயரும் ரீட்ரெடிங்குக்கு ஏற்றவை. சூட்டு முறை அச்சில் உயரமான கட்டைகளோடு வார்த்துத் தருகிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுவதும் போகும் போர்வெல் ரிக் வண்டிகளின் நிலை வேறு. நாள் கணக்கில் வெயிலில் கனத்தோடு நிற்பதால், பட்டன் தேயும் முன்பே பக்கச்சுவரில் வெடிப்பு விழலாம். அத்தகைய வண்டியில் பட்டன் ஆழத்தைவிட வயதைச் சொல்லும் அந்த நான்கு இலக்கத்தைப் பார்ப்பது முக்கியம்.

சுரங்க டம்பர்கள் இன்னொரு உலகம். உலகின் மிகப் பெரிய டம்பர்களில் ஓடும் 59/80ஆர்63 அளவு டயர், ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், 5 டன்னுக்கு மேல் எடை. இந்த அளவுக்கு அச்சு செய்து மாளாது. சூடான ரப்பரை நாடாவாகப் பிதுக்கி, சுழலும் கேசிங்கின் மேல் நூல்கண்டு சுற்றுவதுபோலச் சுற்றிக்கொண்டே போய்க் கனத்தை ஏற்றுகிறார்கள். பிறகு சூடேற்றிய கத்தியால் ஆட்களே பட்டனைச் செதுக்கிவிட்டு, பெரிய அழுத்தக் கலனில் வேகவைக்கிறார்கள். சிற்பவேலைக்கு நெருக்கமான கைத்தொழில் அது. இங்கும் எமன் சூடுதான். அதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: டயர் தாங்கும் சராசரிச் சுமையை டன்னில் எடுத்து, சராசரி வேகத்தால் பெருக்குவது. சராசரி 20 டன்னும் மணிக்கு 15 கிலோமீட்டரும் என்றால் 300. டயருக்குச் சொல்லப்பட்ட எண்ணை வேலையின் எண் தாண்டினால், டம்பரின் வேகத்தையோ சுமையையோ குறைத்தாக வேண்டும்.

மலிவான புதுசு

இன்று ரீட்ரெடிங்குக்குப் போட்டி மலிவான புது டயர். சீனாவிலிருந்து வந்த லாரி ரேடியல்களின் விலை சில சந்தைகளில் ரீட்ரெட் விலையை நெருங்கியது. ஐரோப்பாவில் பல ரீட்ரெடிங் பட்டறைகள் மூடப்பட்டன. 2018-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த டயர்களுக்குக் குவிப்புத் தடுப்பு வரி போட்டது. இந்தியா 2017-லேயே போட்டுவிட்டது. இன்னொரு பக்கம், 28 சதவீதமாக இருந்த புது லாரி டயரின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமானது. ரீட்ரெட்டுக்கு ஏற்கெனவே 18 என்பதால், வரியில் இருந்த பத்து சதவீத அனுகூலம் மறைந்தது. லாரிக்காரருக்குப் புது டயர் விலை குறைந்தது நல்லதே. ஆனால் இரண்டு முறை பட்டை போடத் தாங்கும் கேசிங்கோடு வரும் டயரையும், ஒரே ஓட்டத்தில் முடிந்துபோகும் டயரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. வாங்கும் விலையைப் பார்க்காமல், அந்தக் கேசிங்கின் முழு ஆயுளில் ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆனது என்று எழுதிவைக்கும் உரிமையாளர்கள் ரீட்ரெட்டை விட்டுப் போவதில்லை.

எந்தக் கேசிங்கும் ஒருநாள் பெருக்கல் குறி வாங்கும். முன்பு அது மாட்டு வண்டிக்குப் போனது. லாரி டயர் மாட்டிய டயர் வண்டி ஒரு காலத்தில் ஊரில் பெருமைக்குரியது. செருப்பானது, துறைமுகத்தில் படகு உரசாமல் காக்கும் தடுப்பாகத் தொங்கியது. இப்போது அரைத்துத் தூளாக்கித் தாரில் கலக்கிறார்கள், பாய் வார்க்கிறார்கள், காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கிறார்கள். கழிவு டயருக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்ற விதி 2022-ல் வந்தது. மறுசுழற்சிக்குப் போகும்வரை வெளியே குவிந்து கிடப்பவைதான் பெரிய தொல்லை. டயரின் குழிவில் தேங்கும் ஒரு குவளை மழைநீர் போதும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. ரீட்ரெட்டுக்குக் காத்திருக்கும் நல்ல கேசிங்கிலும் அதே தண்ணீர்தான் ஆணி ஓட்டை வழியாக எஃகுக்குப் போய்த் துருவாகிறது. பட்டறைச் சுவரோரம் அடுக்கிய டயர்களின் மேல், ஐப்பசி மழைக்கு முன்பே ஒரு தார்பாயை இழுத்துக் கட்டிவிட்டால் இரண்டுக்கும் வழியில்லை.